கயிற்றுக்காரியைத் தொடாதீர்கள்

ஹாம்பர்க், 11 மே 2004

அன்புள்ள தம்பி டியார்க்குக்கு,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்த பிறகும் அடுப்பில் போடாமல் பிரித்துவிட்டாய் என்றால் அதுவே பெரிது. பதினோரு வருடமாக இந்த வீட்டுக்கும் உன் தீவுக்கும் இடையே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடக் கப்பல் ஏறவில்லை. ஏப்ரலில் உன் அண்ணன் இறந்தபோது தந்தி மாதிரி இரண்டு வரி அனுப்பினேன். நீ வரவில்லை. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் பேனாவை எடுத்ததும் கேட்காமலும் இருக்க முடியவில்லை, பார்.

விஷயத்துக்கு வருகிறேன். எக்கர்ட் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. அவருடைய சாம்பல் கலயம் அடக்கம் செய்து கொடுப்பவரின் நிலவறை அலமாரியில், ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது, உனக்குத் தெரியாததா. நம் பேட்டைக் கல்லறைத் தோட்டத்தை விட்டால் வேறெங்கும் போகமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அங்கேயோ இப்போது புதுக் குழி யாருக்கும் தருவதில்லை. ஒரே ஒரு வழிதான். வாரிசில்லாத பழைய நினைவுச்சின்னம் ஒன்றை நாம் தத்தெடுக்க வேண்டும். கல்லை நாம் பார்த்துக்கொண்டால் அதன் காலடியில் நம் ஆட்களை வைத்துக்கொள்ளலாம். பழைய குடும்பத்தின் பெயர் மேலே அப்படியே இருக்கும். கீழே நமக்கென்று ஒரு சின்னக் கற்பலகை.

தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். காலரா வருடத்துக் குழந்தைகளின் தூணில் பெயர்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் திரும்பிவிட்டேன். தீயணைப்புக்காரரின் கல் தலைக்கவசத்தை ஏற்கனவே ஒரு பல் டாக்டர் எடுத்துவிட்டார். கப்பல் தலைவரின் நங்கூரம் காலியாக இருந்தது, ஆனால் உன் அண்ணனுக்குப் படகைப் பார்த்தாலே குமட்டும். கடைசியில் கயிற்றுக்காரியை எடுத்தேன். ஸ்டூவே கயிற்றாலைக் குடும்பத்துக் கல்லறை, மடியில் அறுந்த கயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பாளே, அந்தச் சிலைதான். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் மடியில் ஏறி ரொட்டி தின்றதாக எக்கர்ட் சொல்வார்.

என் பயம் இதுதான். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. தோட்ட அலுவலகத்திலிருந்து போக்கெல்மன் என்பவர் வந்து ஒவ்வொரு கல்லையும் கையால் தள்ளிப் பார்க்கிறார். ஆடினால் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறார். கயிற்றுக்காரியைத் தள்ளிவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"இப்பத்திக்கு நிக்குது. செப்டம்பர்ல திரும்ப வந்து தள்ளுவேன். அப்பவும் நின்னா கையெழுத்துப் போட்டுரலாம்" என்றார்.

"நிக்கலன்னா?"

"படுக்க வெச்சிருவோம்மா. யார் தலையிலயாவது விழுந்தா நானா போய் ஜெயில்ல உக்கார்றது?"

கலயத்துக்கும் செப்டம்பர் கடைசி வரைதான் தவணை. அதற்குள் இடம் உறுதியாகவில்லை என்றால் நகராட்சியே எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய மயானத்தின் புல்வெளியில் எங்கேயாவது வைத்துவிடும். பெயரும் கிடையாது, எந்த இடம் என்றும் சொல்லமாட்டார்கள்.

இங்குள்ள கல்தச்சர்கள் எல்லாரும் குளிர்காலத்துக்குப் பிறகு வா என்கிறார்கள். நீ பட்டம் வாங்கிய தலைமைக் கல்தச்சன். ஒரே ஒரு நாள் வந்து அவள் நிற்பாளா என்று பார்த்துச் சொல். எனக்கு ராத்திரி கண்ணை மூடினால் அவள் சாய்கிறாள்.

உன் அண்ணி,
வீப்கே


ஃபோர் தீவு, 23 மே 2004

திருமதி லோரென்சன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கணவர் இறந்ததற்கு என் அனுதாபங்கள்.

கல்லறை விஷயமாக என்னிடம் உதவி கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மறந்திருக்கலாம், அதனால் நினைவுபடுத்துகிறேன். அந்த நவம்பரில், இறந்தோர் ஞாயிறுக்கு அம்மாவின் கல்லறைக்கு வந்தேன். கையில், அங்கே வைக்க எரிக்காப் பூச்செடித் தொட்டி. தண்ணீர்க் குழாய்க்கும் யூ மரத்துக்கும் நடுவே அம்மாவின் கல் இருக்க வேண்டும். புல் இருந்தது. இடம் மாறி வந்துவிட்டேன் என்று வரிசை வரிசையாகத் தேடினேன். பூவாளியோடு நின்ற ஓர் அம்மாள் பரிதாபப்பட்டு, "அதை வசந்தத்துலயே எடுத்துட்டாங்களே, உங்களுக்குச் சொல்லலையா?" என்றாள். கல்லை உடைத்து ஜல்லியாக்கிப் பாதையில் கொட்டிவிட்டார்கள். என் கையால் செதுக்கிய கல் அது. என் முதல் கல்.

அன்று மாலை தொலைபேசியில் உங்கள் கணவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கல்லறை இடத்தோட குத்தகைக் கெடு முடிஞ்சுபோச்சு, நான் நீட்டிக்கல. அவ்வளவுதான். நீ என்ன வாராவாரம் வந்து களை புடுங்கினியா?"

தவணை முடிவதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீந்தியாவது வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். சொல்லவில்லை. அம்மாவுக்குப் புல் போதும் என்று முடிவு செய்தவருக்கு இப்போது சிலை வேண்டியிருக்கிறது.

என்னால் வர முடியாது. இங்கே தேவாலயத் தோட்டத்தில் பழைய கப்பல் தலைவர்களின் கற்களைச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது. அவர்கள் செத்து இருநூறு வருடம் ஆகிறது, அவர்களை யாரும் எடுத்துப் போடவில்லை.

டி. லோரென்சன்


ஹாம்பர்க், 20 ஜூன் 2004

அன்புள்ள டியார்க்,

திருமதி லோரென்சன் என்று எழுதியிருந்தாய். தபால்காரருக்கு நான் திருமதி லோரென்சன். உனக்கு எப்போதிலிருந்து?

அத்தையின் கல்லறை விஷயத்தில் உன் அண்ணனுக்காக நான் வாதாட வரவில்லை. அவர் செய்தது தப்பு. ஆனால் நீ நினைக்கிற மாதிரி அவர் உட்கார்ந்து முடிவெடுத்துச் செய்யவில்லை. கல்லில் "அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் அந்த வருடம் அவர் அங்கே போகவே இல்லை. அலுவலகத்துத் தபால் வந்தபோது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். ஒருநாள் போனார். புல் இருந்தது. அந்த வெட்கம் அவர் வாயில் கோபமாக வந்தது, உன்னிடமும் என்னிடமும். இதுதான் நடந்தது. இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருந்தால் உனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன்.

இப்போது நான் எழுதுவது வேறு விஷயம். டியார்க், அவள் ஆடுகிறாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், மே மாதம் ஆடவில்லை. நானே தினமும் சோதித்துப் பார்க்கிறேன். காலையில் பூவாளியை வைத்துவிட்டு, போக்கெல்மன் தள்ளுகிற மாதிரியே காலை அகட்டி, இரண்டு கையையும் அவள் தோளில் வைத்துத் தள்ளுவேன். அசையாமல் நின்றால்தான் எனக்குக் காபி இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலையிலும் ஒருமுறை போய்விடுவேன், ஏனென்றால் அன்றைக்குப் பழைய பள்ளி ஆசிரியர் ஒருவர் கூட்டமாக ஆட்களை அழைத்து வந்து சின்னங்களைக் காட்டுகிறார், யாராவது அவள் மேல் சாய்ந்து படம் எடுத்திருப்பார்களோ என்று பயம்.

குழாயடியில் பார்க்கும் கெஸினே அம்மாள், அவள் புருஷனுக்குப் பக்கத்தில் புதர் வெட்டிக்கொண்டே சிரிக்கிறாள். "என்னடி வீப்கே, தினம் தினம் அவளோட மல்லுக்கட்டுறே? ஒருநாள் அவ திருப்பித் தள்ளப்போறா பாரு."

ஜூன் முதல் வாரம் லேசாக ஒரு நெருடல் மாதிரி தெரிந்தது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். நேற்று கண்ணுக்கே தெரிகிறது, தள்ளினால் போய்விட்டு வருகிறாள். மரத்து வேரா? எலியா? புதிதாக அந்தச் சாலையில் நீளமான பேருந்து ஓடுகிறதே, அதுவா? அலுவலகத்தில் கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டால் உடனே சீட்டு ஒட்டிவிடுவார்கள்.

கோபமாகவே இரு. ஆனால் என்ன காரணம் என்று மட்டும் எழுது.

அண்ணி


ஃபோர் தீவு, 25 ஜூன் 2004

அண்ணி,

கையை எடுங்கள்.

காரணம் எலியும் இல்லை, பேருந்தும் இல்லை, நீங்கள்தான். அந்தக் காலத்தில் சிலையைப் பீடத்தோடு சேர்க்க உள்ளே ஓர் இரும்பு ஆணி வைப்பார்கள். நூறு வருடத்தில் அது துருப்பிடித்திருக்கும். சுற்றியுள்ள காரை நமுத்த பிஸ்கட் பதத்தில் இருக்கும். யாரும் தொடாவிட்டால் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். தினமும் ஒரு மனுஷி காலை அகட்டி நின்று தள்ளினால் ஆணி காரையை அரைத்துத் தூளாக்கும். நீங்கள் கேட்ட மணல் சத்தம் அதுதான்.

போக்கெல்மன் வருடத்துக்கு ஒருமுறை தள்ளுகிறார். நீங்கள் வாரத்துக்கு எட்டு முறை தள்ளியிருக்கிறீர்கள். ஒரு நூற்றாண்டுச் சோதனையை ஒரே கோடையில் முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

தொடாதீர்கள். சாயாதீர்கள். சிமென்ட் கரைத்து ஊற்றுகிறேன் என்று யாராவது வந்தால் துரத்துங்கள். பூவாளியைத் தூர வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடியுங்கள். செப்டம்பரில் ஒரே தள்ளலைத் தாங்கினாலும் தாங்கலாம்.

நான் வருவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்லுக்காகத்தான் எழுதுகிறேன்.

டியார்க்


ஹாம்பர்க், 29 ஆகஸ்ட் 2004

அன்புள்ள டியார்க்,

உன் கடிதம் வந்த அன்றே தொடுவதை நிறுத்தினேன். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் அந்தப் பாதையில் நடந்தேன். ஜூலை முழுக்க அப்படியே ஓடியது. அவள் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். கெஸினே அம்மாள்கூட, "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள்.

ஆனால் எனக்கு எப்படி நிம்மதி வரும் சொல். இத்தனை நாள் சும்மா விட்டிருக்கிறோமே, கொஞ்சம் இறுகியிருப்பாளோ என்று ஒரு நப்பாசை. உடம்பில் காயம் ஆறுகிறதில்லையா, அந்த மாதிரி. போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு விரலால், சத்தியமாக ஒரே ஒரு விரலால்தான் தொட்டுப் பார்த்தேன். போனாள். திரும்பி வரவில்லை. குனிந்திருந்தவள் இன்னும் குனிந்து, யாரோ கூப்பிட்டது கேட்காமல் காதைக் கொடுக்கிற மாதிரி பாதைப் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டாள்.

நான் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. யாராவது குழந்தை அந்தப் பக்கம் வந்துவிடுமோ என்று அங்கேயே நின்று கத்தினேன். தோட்டக்காரர்கள் வந்து சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். போக்கெல்மன் வந்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஒன்னரை மாசமா, தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தரம்."

"அட கடவுளே. நான் பண்ற வேலையை நீங்க சம்பளம் இல்லாம பண்ணியிருக்கீங்க" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டு, "செப்டம்பர் இருபதாம் தேதி படுக்க வெக்கணும்மா. என் கையில இல்ல" என்றார். நல்ல மனுஷன். அவரைத் திட்டவும் முடியவில்லை.

படுக்க வைத்துவிட்டால் ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லை என்றால் மாதக் கடைசியில் கலயத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாற்பத்தோரு வருடம் அவரோடு வாழ்ந்தேன். அவர் கேட்டது இந்த ஒன்றுதான். அதையும் என் கையாலேயே தள்ளிவிட்டேன். பயந்து பயந்து, எதற்குப் பயந்தேனோ அதை நானே செய்து முடித்திருக்கிறேன்.

ஆக, உன் அண்ணனும் புல்லுக்கடியில், பெயர் இல்லாமல், அத்தை மாதிரியே. உனக்கு இப்போது திருப்திதானே என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். மனசில் வந்தது வந்ததுதான்.

உன்னை வரச் சொல்லி இனி கேட்கமாட்டேன். நான் இனி அந்தத் தோட்டத்துப் பக்கமே போகப்போவதில்லை. அந்த நாடாவைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வீப்கே


ஃபோர் தீவு, 19 செப்டம்பர் 2004

அன்புள்ள அண்ணி,

அலுவலகத்திலிருந்து உங்களுக்குத் தொலைபேசி வந்திருக்கும். வராவிட்டால் இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். கயிற்றுக்காரி நிற்கிறாள். வெள்ளிக்கிழமை போக்கெல்மன் தள்ளிப் பார்த்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருப்திதானே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், திருப்தியாக இருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு, அண்ணனுக்கு நல்லா வேணும் என்று வாய்விட்டுச் சொன்னேன். தேநீர் போட்டேன், பாலாடை விட்டேன், ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தேன். கோப்பை காலியாகும் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. மறுபடி வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. அம்மாவின் இன்னொரு பிள்ளையும் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் போகப்போகிறான் என்பதுதான் மனசில் வந்து நின்றது. உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கப்பலைப் பிடித்தேன்.

துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் பழைய பட்டறை நண்பன் ஒருவன் இருக்கிறான், அவன் வீட்டில் தங்கினேன். அவனும் சங்கிலிக் கப்பியோடு வந்தான். சிலையைத் தூக்கியபோது ஆணி இருந்த இடத்தில் துருப்பொடி மட்டும்தான் இருந்தது. மிச்சத்தை நீங்கள் அரைத்துவிட்டீர்கள். இப்போது துருப்பிடிக்காத எஃகில் மூன்று ஆணிகள் இறக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு உட்கார வைத்திருக்கிறேன். காரை காயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கெஸினே அம்மாளாம், எனக்குப் பட்டர் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்கதான் பேசாத கொழுந்தனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போக்கெல்மன் வந்து தள்ளினார். அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். "உங்க அண்ணியைக் கூட்டிட்டு வாங்க. அவங்க தள்ளியும் நின்னாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றார்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். காலடியில் வைக்கும் பலகையில் அண்ணன் பெயரோடு அம்மா பெயரையும் வெட்டலாமா என்று. முடியாது என்று தலையசைத்தார். "அங்க இருக்கிறவங்க பேரு மட்டும்தான் போடலாம். இல்லாதவங்க பேரைப் போட்டா நாளைக்கு ஊர்ல உள்ள எல்லாரும் கேப்பாங்க." அவர் சொல்வதும் சரிதான். அதனால் பலகையில் எதையும் வெட்டாமல் வெறுமையாகவே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வேறு யாரையாவது கூப்பிட்டு அண்ணன் பெயரை வெட்டிக்கொள்ளுங்கள். அவன் பெயரை மட்டும் வெட்ட என் கைக்கு இன்னும் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டு மணியை அடிக்கவில்லை. தெருமுனை வரை வந்தேன். மாடியில் விளக்கு எரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். போகும் வழியில் குழாய்க்கும் யூ மரத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். புல்லை நன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அடக்கம் அன்றைக்கு என்னால் வர முடியாது. வந்தால் அழுதுவிடுவேன். பதினோரு வருடம் பேசாதவன் ஊர் பார்க்க நின்று அழுவது நன்றாக இருக்காது.

டியார்க்


ஹாம்பர்க், 28 செப்டம்பர் 2004

அன்புள்ள தம்பி டியார்க்,

தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பட்டாணி சூப் வைத்திருந்தேன், இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு. நீயும் உன் அண்ணனும் ஒரே அச்சுதான்.

நேற்று அவர் மண்ணுக்குள் போனார். வெயில் இருந்தது. வந்தது கொஞ்சம் பேர்தான், அவரோடு சீட்டாடுகிறவர்கள், கெஸினே அம்மாள், மேல்வீட்டுத் தம்பதி. போக்கெல்மனும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றார். கலயத்தைக் குழிக்குள் இறக்கும் வரை எனக்குப் பயம்தான். கடைசி நிமிஷத்தில் யாராவது தாளை நீட்டி ஏதாவது குறை சொல்வார்களோ என்று. யாரும் சொல்லவில்லை. கயிற்றுக்காரி அசையாமல் இருந்தாள். நான் அவளைத் தொடவில்லை. போக்கெல்மன் கண்ணாலேயே தொடச் சொன்னார், தொடவில்லை.

எல்லாரும் ஆளுக்கு ஒரு கை மண் போடுவார்கள் இல்லையா. பெட்டியில் மணல் வைத்திருந்தார்கள். நான் அதை எடுக்கவில்லை. என் கைப்பையைத் திறந்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், நீ நின்ற இடத்தில், குழாய்க்கும் யூ மரத்துக்கும் நடுவே, தோட்டக் கரண்டியால் புல்லைக் கொஞ்சம் கீறித் திறந்து மண் எடுத்திருந்தேன். கல்லைத்தானே எடுத்துப் போனார்கள். அத்தையை எங்கே எடுத்தார்கள், அவர் அங்கேயேதான் இருக்கிறார். எடுத்த மண் கருப்பாக, ஈரமாக இருந்தது. பட்டுத்துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன்.

அதைக் குழிக்குள் போடும்போது போக்கெல்மனைப் பார்த்து, மறைக்காமல், சத்தமாகவே சொன்னேன். "இது எங்க மாமியார், மார்க்ரேட்டே லோரென்சன். இப்ப இவங்களும் இங்க இருக்காங்க."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குழியைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார்.

"சரிம்மா, இருக்காங்க" என்றார்.

அவ்வளவுதான் டியார்க். பலகை நீ விட்டுப் போன மாதிரியே வெறுமையாக இருக்கிறது. வேறு யாரையும் கூப்பிடமாட்டேன். உளியை எடுத்துக்கொண்டு வா. அம்மா பெயரை முதலில் வெட்டு, பெரிதாக வெட்டு. உன் அண்ணன் பெயரை உனக்கு எப்போது கை வருகிறதோ அப்போது வெட்டு. அவர் காத்திருக்கட்டும்.

உன் அண்ணி